றாக்கைக்கும் ஜெக்குக்கும் நடுவே

பல்லேகலவில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் முதல் மூன்று வருடமும் கதிரையில்தான் இருந்தேன். ஆண்களின் சட்டைக்குக் கை பூட்டுகிற லைன் அது. இடது பக்கம் இருப்பவள் வெட்டிய துண்டுகளைத் தள்ளிவிடுவாள், நான் தைத்து வலது பக்கம் தள்ள வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவளின் பின்னங்கழுத்தை மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைவிட அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரேயொரு அட்டை. அது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதனால் துணி ஸ்டோர்ஸில் ஜெக் தள்ள ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, அது என்ன வேலை என்று விசாரிக்காமலே கையைத் தூக்கினேன். அதுவரை அந்த வேலையைச் செய்த ஆண்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டாருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஜெக் என்று நாங்கள் சொன்னது பெட்டரியில் ஓடும் ஒரு தாழ்ந்த வண்டி. அதற்கு இரண்டு நீண்ட இரும்பு நாக்குகள். துணி ரோல்கள் அடுக்கிய மரத்தட்டுக்கு அடியில் நாக்குகளை நுழைத்துப் பொத்தானை அழுத்தினால் தட்டு நிலத்தை விட்டு நாலு விரல் உயரும். ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. கைபிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். கைபிடியின் தலையில் வலது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் வண்டி நம்மை விட்டு விலகும், மறுபக்கம் திருப்பினால் நம்மை நோக்கி வரும். இருபது பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாரத்தை என் கட்டைவிரல் அசைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது நடைதான். ஸ்டோர்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கலாம். தண்ணீர் குடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. லொறி வந்தால் பெரிய கதவு திறக்கும். அப்போது குண்டசாலைப் பக்கத்து மலையும் ஒரு துண்டு வானமும் தெரியும்.

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. கைபிடியின் நுனியில், தள்ளுபவரின் வயிற்றைப் பார்த்தபடி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. வண்டி நம் மேல் வந்து அந்தப் பொத்தான் உடம்பில் பட்டால் அது தானாகவே பின்வாங்கிவிடும். நசுங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் நான் குள்ளம். ஒடுக்கமான பாதையில் திரும்பும்போதெல்லாம் அது என் விலாவில் இடித்தது. இடித்ததும் வண்டி வெடுக்கென்று பின்னால் பாயும், மேலே அடுக்கிய ரோல்கள் சரிந்து விழும். இரண்டாம் வாரத்தில் மூன்று தடவை அப்படி விழுந்தது. எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் சேர் என்போம். அவர் அதட்டவில்லை. இந்த வேலை பெண்களுக்குச் சரிவராது போலிருக்கிறது, மாதம் முடியட்டும், ஓர் ஆணைப் பார்ப்போம் என்று சிங்களத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தால் மறுபடி அந்தப் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

தொழிற்சாலையின் மெக்கானிக் கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். தமிழர், நாற்பது வயதிருக்கும். காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பொத்தானை வேலை செய்யாமல் ஆக்கித் தரும்படி அவரிடம்தான் கேட்டேன். முதலில் முடியாது என்றார். நான் அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் கைபிடியின் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு வயரை விடுவித்துவிட்டு மூடினார்.

"இது நல்ல வேலையில்ல தங்கச்சி. நீதான் கேட்ட. அத மறந்துறாத" என்றார்.

மறுநாளிலிருந்து ரோல்கள் விழவில்லை. சேர் கவனித்தார். வந்து பொத்தானைத் தன் விரலால் அமுக்கிப் பார்த்தார். வண்டி அசையாமல் நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்து, இப்போது பழகிவிட்டாய் என்றார். மாதம் முடிந்தது, வேறு ஆணை யாரும் தேடவில்லை.

அப்படி ஏழெட்டு மாதம் போனது.

அன்று மைதானத்தில் கிரிக்கெட் போட்டி. பல்லேகலவில் போட்டி நாளென்றால் பஸ் நகராது, காலையிலேயே தெருவெல்லாம் கொடி விற்பார்கள். தேநீர் இடைவேளைக்கு மணி அடித்ததும் ஸ்டோர்ஸில் இருந்த எல்லோரும் கென்டீன் தொலைக்காட்சியின் முன்னால் போய் நின்றுவிட்டார்கள். என்னோடு வேலை செய்த அக்காவும் போனார். அவர் சிங்களவர், நூலும் பொத்தானும் கொடுக்கிற பகுதியில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீயும் வா என்று கூப்பிட்டார். இந்த ஒரு தட்டை வைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

கடைசிப் பாதை. இரண்டு பக்கமும் துணி அடுக்குகிற, கூரையைத் தொடும் இரும்பு றாக்கைகள். இடது பக்கத்து றாக்கையின் கீழ்த்தட்டில் பாரத்தை நுழைக்க வேண்டும். கைபிடியைப் பிடித்தபடி நான் வலது பக்கத்து றாக்கைக்கு முதுகைக் காட்டி நின்றேன். தட்டு கொஞ்சம் கோணலாகப் போனதால் மீண்டும் வெளியே இழுத்து நேராக்க நினைத்தேன். கட்டைவிரலைத் திருப்பினேன். வண்டி என் பக்கம் வந்தது, நான் பின்னால் அடி வைத்தேன். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடா ஒன்று நிலத்தில் கிடந்திருக்கிறது. அது குதிகாலில் சுற்றிக்கொண்டது. தடுமாறி றாக்கையின் இரும்புத் தூணில் முதுகு மோதியது. விழப்போகிறவர் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பதுபோல நானும் இறுக்கினேன். விட்டிருக்க வேண்டும், இறுக்கினேன். வண்டி முழுப் பாரத்தோடும் வந்து கைபிடித் தலையை என் விலாவுக்குக் கீழே ஊன்றியது.

ஏதோ முறிந்த சத்தம் எனக்குள்ளிருந்து கேட்டது. பிறகுதான் கட்டைவிரல் தளர்ந்தது. வண்டி நின்றது. நின்றது என்றால் அதே இடத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது.

கத்தப் பார்த்தேன். கத்துவதற்கு மூச்சு வேண்டும். நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் கொஞ்சம் காற்று போய் வந்தது. வலது கை கைபிடிக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டியிருந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. ஹோர்ன் பொத்தானும் அந்தக் கைக்குள்ளேதான் கிடந்தது. கைத்தொலைபேசிகளை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே அசைந்தது. அதை வளைத்துக் கைபிடியின் தலையைத் தடவினேன். திருகு தட்டுப்பட்டது.

அங்கேதான் நான் உண்மையில் மாட்டிக்கொண்டேன். எந்தப் பக்கம் திருப்பினால் விலகும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஏழெட்டு மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்த வேலை. ஆனால் அது என் வலது கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்ததே தவிர எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இடது கையால், மேலிருந்து, பார்க்காமல் தொடும்போது எல்லாம் தலைகீழாக இருந்தது. மனதில் வண்டியை வரைந்து பார்த்தேன். முன்பக்கம் எது, என் பக்கம் எது. மெல்ல, தொட்டும் தொடாததுமாகத் திருப்பினேன். ஒரு விரலளவு இன்னும் உள்ளே வந்தது.

கையை எடுத்துவிட்டேன். அப்படியானால் மறுபக்கம்தான் சரி என்று யாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். ஆனால் திருப்பியது எந்தப் பக்கம் என்று அந்த நொடியே குழம்பிவிட்டது. இன்னொரு விரலளவு வந்தால் நான் இருக்க மாட்டேன் என்று உடம்பு சொன்னது. திருகின் மேல் இடது கையை மறுபடி வைக்க முடியவில்லை. விடுதலை செய்யக்கூடிய சாமான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பயத்தை இன்றைக்கும் என்னால் யாருக்கும் சரியாக விளக்க முடிவதில்லை.

மைதானத்திலிருந்து பெரிய ஆரவாரம் வந்தது. யாரோ ஆட்டமிழந்திருக்க வேண்டும், அல்லது ஆறு ஓட்டம். கென்டீனிலும் கூச்சல் எழுந்தது. இனி யாரும் சீக்கிரம் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு நேரே ஒரு ரோலில் ஒட்டிய சீட்டு இருந்தது. அதில் நிறம் நீலம் என்று எழுதியிருந்தது. அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் லொறிக்காரர். அக்குறணையிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவரும் முஸ்லிம் மனிதர், வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். கையெழுத்து வாங்க ஆளைத் தேடிக்கொண்டு பாதை பாதையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கடதாசிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியைப் பிடித்து இழுக்கப் போனார்.

"தொடாதீங்க நானா" என்றேன். அது அவருக்குக் கேட்டதே பெரிய காரியம். "மெக்கானிக்க கூட்டிட்டு வாங்க."

அவர் கையை எடுத்துவிட்டு என் முகத்துக்குக் கிட்ட குனிந்தார். "மூச்செடுக்க ஏலுமா?"

"கொஞ்சம்."

"அப்ப பேச வேணாம். நான் லொறி ஓட்டுற ஆள், இது எனக்குத் தெரியாது. தெரியாத சாமான்ல நான் கை வைக்க மாட்டேன் தங்கச்சி."

போய்விடுவார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. தனியாக இருந்தபோது வராத அழுகை. அவர் வெளியே ஓடி, லொறிச் சக்கரத்துக்கு வைக்கிற மரக்கட்டையோடு திரும்பி வந்தார். அதை ஜெக்கின் சக்கரத்துக்கும் என் காலுக்கும் நடுவில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினார். இனி இது ஒரு நூல்கூட வராது, நான் போய்க் கூட்டி வரும்வரை நீங்கள் சும்மா மூச்சு மட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மெக்கானிக் அண்ணன் வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திருகில் கையை வைத்தார்.

"மூச்ச வெளிய விடு. முழுசா விடு."

விட்டேன். வண்டி விலகியது. லொறிக்கார நானா என்னைத் தாங்கி நிலத்தில் இருத்தினார். வலி அப்போதுதான் வந்தது. கண் இருட்டுவதற்கு முன்னால் நான் பார்த்தது, அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விலா எலும்பு இரண்டில் வெடிப்பு, கட்டைவிரலில் முறிவு. ஆஸ்பத்திரியில் நாலு நாள், பிறகு வீட்டில் ஒரு மாதம். படுத்தால் எழும்ப முடியாது, எழுந்தால் படுக்க முடியாது. அம்மா கதவைச் சாத்தினால் திறக்கச் சொல்வேன். சுவரில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. முதல் தடவை பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனபோது கூட்டம் நெருக்கிக் கம்பி முதுகில் பட்டது. அடுத்த தரிப்பிலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன்.

மூன்றாம் வாரம் ஸ்டோர்ஸ் அக்கா வாழைப்பழச் சீப்போடு பார்க்க வந்தார். கொஞ்சம் தமிழும் நிறையச் சிங்களமுமாகப் பேசிக்கொண்டிருந்தவர், போகிற நேரத்தில்தான் சொன்னார். நீ இல்லாததால் என்னை ஜெக் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஜெக்தான், வருகிற திங்கட்கிழமையிலிருந்து. பாரத்தைத் தூக்கப் பழகிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னார். அந்தப் பொத்தானைத் திருத்திவிட்டார்களா என்று கேட்டேன். எந்தப் பொத்தான் என்று கேட்டார்.

அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன், நான் கேட்டுத்தான் அந்த வயரைக் கழற்றினார்கள் என்று. திங்கட்கிழமை நான் அதைத் தொட மாட்டேன், ஆனால் ஏன் என்று நீ வந்து அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றார்.

விசாரணைக்கு அழைத்த கடிதம் ஏற்கனவே வந்திருந்தது, அதுவும் அதே திங்கட்கிழமைக்குத்தான். நான் சொன்னால் அண்ணன் மாட்டுவார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், தலைமை மெக்கானிக் வேலை அவருக்கு வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் கெஞ்சியதால்தான் செய்தார். என்னைக் காப்பாற்றியதும் அவர் கைதான். நான் சொல்லாவிட்டால், என் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். பொத்தான் செத்தபடியே கிடக்கும். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் உள்ளே போகாமல் நின்றார். நாளைக்கு என்ன சொல்லட்டும் அண்ணே என்று கேட்டேன். அண்ணன் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சொல்லுறதுன்னா சொல்லு. ஆனா எங்கிட்ட வந்து கேக்காத. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாம சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன்."

"தெரிஞ்சிருச்சு. தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ."

குடித்தேன்.

விசாரணை மேல்மாடியில், குளிர்ச்சியான ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலக மேடமும் சேரும். இந்தப் பக்கம் நானும், சாட்சியாக வந்த ஸ்டோர்ஸ் அக்காவும். கதவைச் சாத்தினார்கள். சிங்களத்தில் மூன்று விஷயம் சொன்னேன். பொத்தான் வேலை செய்யவில்லை, வயரைக் கழற்றியிருந்தது. கழற்றும்படி கேட்டது நான், கழற்றியது மெக்கானிக். சேருக்கு அது தெரியும், மறுநாளே அமுக்கிப் பார்த்தார். மேடம் தலையாட்டிக்கொண்டே எழுதினார். சேர் எனக்கு நினைவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எழுதியதை என் முன்னால் வைத்துக் கையெழுத்து கேட்டார் மேடம். எனக்குச் சிங்களம் பேச வரும், கையெழுத்தில் இருப்பதை வாசிக்க வராது. அக்காவிடம் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். முதல் இரண்டு விஷயமும் இருந்தன. மூன்றாவது இல்லை.

உண்மையைச் சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கடதாசியில் நானும் அண்ணனும் மட்டும் குற்றவாளிகளாக இருந்தோம். அவரை இழுத்துக் கொண்டுவந்து உள்ளே அடைத்தவள் நானே. மூன்றாவதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். சேருக்கு நினைவில்லாததை எப்படி எழுதுவது என்றார் மேடம். வேண்டுமானால் நீயே கீழே எழுதிக்கொள் என்று பேனையை நீட்டினார். எனக்குத் தமிழ்தான் எழுத வரும் என்றேன். தமிழில் எழுது, யாருக்கு என்ன என்றார்.

கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் பேனையைப் பிடித்து, பெரிய பெரிய எழுத்தாக, மூன்று விஷயத்தையும் முதலிலிருந்து எழுதினேன். மெக்கானிக் மாட்டேன் என்று இரண்டு நாள் சொன்னார் என்பதையும் சேர்த்தேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, அந்த அறையில் அதை வாசிக்கக்கூடியவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

பின்னேரம் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது நடந்ததை, சாட்சியாக அங்கேயே இருத்தியிருந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேடம் அந்தக் கடதாசியை அவர் முன்னால் தள்ளி, கீழே தமிழில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொன்னாராம். சேர் பக்கத்தில்தான் இருந்தாராம். அண்ணன் விரும்பியிருந்தால் ஏதும் சொல்லியிருக்கலாம். தன்னைப் பற்றிய வரியை விட்டிருக்கலாம், அல்லது சேருக்கு நல்ல பிள்ளையாக அவரைப் பற்றிய வரியை விட்டிருக்கலாம். தலைமை மெக்கானிக் வேலைக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவரே சேர்தான். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னாராம். வயரைக் கழற்றியது நான், அது சரி. சேர் அமுக்கிப் பார்த்தபோது நான் ஏணியில் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன், அதுவும் சரி என்றாராம்.

அவர் அங்கே இருந்தது எனக்கே தெரியாது.

ஒரு வாரத்துக்குள் தொழிற்சாலையில் இருந்த மூன்று ஜெக்குகளையும் சோதித்து, அந்தப் பொத்தானைத் திருத்தினார்கள். திருத்தியது அண்ணன்தான். அக்கா அதன் பிறகு ஜெக் தள்ளினார். அவர் உயரம், அவருக்கு இடிக்கவில்லை. சேரை வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. தலைமை மெக்கானிக் வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. என்னோடு அவர் சண்டை பிடிக்கவில்லை. பஸ்ஸில் நான் ஏறினால் தலையசைப்பார். பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி கோயிலில் என்னைக் கண்டால் பிள்ளையின் தலைமயிரைச் சரிசெய்யத் தொடங்குவார்.

என்னை லைனுக்கு அனுப்பினார்கள். தண்டனை இல்லை, உடம்புக்கு நல்லது என்றார்கள். ஸ்டோர்ஸுக்குத் திருப்பிப் போடும்படி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் உன் நன்மைக்குத்தான் என்று அன்பாகவே பதில் சொன்னார்கள். இந்தத் தடவை காலர் தைக்கிற இடம். முன்னால் வேறொருத்தியின் கழுத்து. இரண்டு இயந்திரத்துக்கும் நடுவில் கதிரையைப் பின்னால் தள்ள இடமில்லை. முதல் மாதம் முழுக்க மூச்சு மேலேயே நின்றது. வாயால் ஊதி ஊதித்தான் தைத்தேன்.

நாலு வருடம் அங்கே இருந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. எனக்கு முன்னால் அண்ணன் ஏறினார். படியில் நின்று, நான் ஏறுவதற்காகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார். நான் அசையவில்லை. நடத்துனர் கையால் தட்டிக் கூப்பிட்டார்.

"வரல்லயா?" என்று கேட்டார் அண்ணன். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அது.

"இல்லண்ணே. இனி வரல."

அவர் தலையை ஆட்டினார். பஸ் போனது. நான் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது.